கலவை மிஷினுக்கு ஒரு சிவப்பு ஒயர்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. தகரக் கூரை, சுவரோரம் உயிர் போன பேட்டரிகள். வாசலில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பொலேரோ பிக்கப் நின்றது. அதன் கொக்கியில் கான்கிரீட் கலவை மிஷின். பௌர்ணமிக்குள் முடித்துக் கொடுக்கச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார் கட்டட மேஸ்திரி. அன்றைக்கு 14 கிலோமீட்டர் பாதையும் ஜனங்களால் நிரம்பிவிடும், வண்டி நகராது.

"நான் பிரேக் புடிக்கிறது பின்னாடி வர்ற பஸ்காரனுக்குத் தெரிய மாட்டேங்குது தம்பி. மிஷின் மறைச்சிடுது."

எலக்ட்ரீஷியனுக்கு நாற்பது வயதிருக்கும். பதில் சொல்லாமல் டிரைவர் சீட்டுக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்துவிட்டார். அங்கே பழைய ஓனர்களின் ஆசைகள் எல்லாம் ஒயராகத் தொங்கின: பாட்டு சிஸ்டம், ஃபோகஸ் லைட், மூன்று குரலில் கத்தும் ஹாரன். எல்லாமே கிடைத்த ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள். ஒன்றைப் பிரித்தால் டேப்பின் பசை விரலில் இழுபட்டது. உள்ளே செம்பு பச்சைக் களிம்பேறியிருந்தது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனார். பாதி நேரம் இதிலேயே போயிற்று. இந்தத் தொழிலில் புதிதாக ஒயர் இழுப்பதைவிட, முன்னால் ஒருவர் செய்ததை அவிழ்ப்பதுதான் பெரிய வேலை என்று தோன்றுகிறது.

பெடலுக்கு மேலே இருக்கிறது பிரேக் சுவிட்ச். மிதித்தால் மட்டும் டெஸ்ட் லாம்ப் எரிகிற ஒயர் எது என்று பார்த்துப் பிடித்தார். அதிலேயே மிஷினின் பல்புகளைச் சேர்த்துவிட்டால் அரை மணியில் கணக்கு முடிந்தது. அவர் சேர்க்கவில்லை. பிரேக் பல்பு ஒன்றுக்கு 21 வாட். இரண்டு கூடினால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் அதிகம். பழைய சுவிட்சின் முனை நாளடைவில் கருகிப்போகும். அதனால் சுவிட்சின் வேலை ஒரு ரிலேயைத் தட்டிவிடுவதோடு சரி; பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாகப் போகிறது.

முதல் சோதனையில் ஒரு வேடிக்கை. பட்டறையில் வேலை பார்க்கும் பையன் பிரேக்கை மிதித்ததும் மிஷினின் பிரேக் லைட் மங்கலாக எரிந்தது. கூடவே பிக்கப்பின் பார்க்கிங் லைட்டுகளும் கண் சிமிட்டின.

"எர்த்து வரலண்ணா," என்றான் பையன்.

கொக்கி இரும்புதானே, அது வழியாகக் கரண்ட் திரும்பாதா என்று கேட்டேன். கிரீஸும் துருவும் ஏறிய கொக்கி, குலுங்கும்போது ஒட்டும், விலகும். திரும்ப வழி கிடைக்காத கரண்ட் பல்பின் இன்னொரு இழை வழியாகப் புகுந்து பார்க்கிங் ஒயரில் பின்னோக்கி ஓடுகிறது. பிக்கப்பின் சேஸிலிருந்து மிஷினின் சட்டத்துக்குத் தனியாக வெள்ளை ஒயர் ஒன்று இழுத்ததும் எல்லாம் அடங்கியது.

இடையில் மாட்டியது 7 பின் சாக்கெட். ஐ.எஸ்.ஓ. 1724 என்ற தரமுறையில் சிவப்பு பிரேக் லைட்டுக்கு, வெள்ளை எர்த்துக்கு, நீலம் பனிமூட்ட விளக்குக்கு. அமெரிக்காவின் 7 பின்னில் நீலத்துக்கு வேறு உத்தியோகம்: அது பின்னால் இழுபடும் டிரெய்லரின் பிரேக்குக்கே போகிறது. அங்கே பழைய பிக்கப் வாங்குபவர் டாஷ்போர்டுக்கு அடியில் கன்ட்ரோலர் என்றொரு சிறு பெட்டியைப் பொருத்திக்கொள்கிறார். டிரைவர் மிதித்ததும் அது நீல ஒயரில் கரண்டை அனுப்பும். சக்கர டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தம் சுழலும் இரும்பைக் கவ்வி, நெம்புகோலை இழுத்து, பிரேக் ஷூவை விரிக்கும். ஒரு காந்தத்துக்குச் சுமார் 3 ஆம்பியர். நான்கு சக்கரம் என்றால் 12. வண்டியின் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று உணர்ந்து அதற்கேற்பக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர்களும் உண்டு. அங்கே பல மாநிலங்களில் எடை 3,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1,360 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

இன்ஜின் இல்லாமல் இழுபடும் பாரத்தை நிறுத்துவது எவ்வளவு பாடு என்று திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை தீபத் திருவிழாவின் 7ஆம் நாள் மாட வீதிகளில் தேர் ஓடும்போது, சக்கரத்தோடு கூடவே நடந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்தியிருக்கிறது.

மேஸ்திரியின் மிஷினில் டிரம்மும் இல்லை, ஷூவும் இல்லை. வெறும் அச்சு, இரண்டு டயர். எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே அதைத்தான் சொன்னார்: "லைட்டு எரியுதுன்னா பின்னாடி வர்றவன் நிப்பான் மேஸ்திரி. உங்க மிஷின் நிக்காது. எறக்கத்துல அது வண்டியத் தள்ளும்."

அடுத்த வாரம் ஜமுனாமரத்தூரில் வேலை இருப்பதாகச் சொன்னார் மேஸ்திரி. போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள். மிஷினைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள், லாரியில் ஏற்றிவிடுங்கள் என்றார் எலக்ட்ரீஷியன். லாரி வாடகையை யார் கொடுப்பது, வீட்டுக்காரரா மேஸ்திரியா என்று பேச்சு திரும்பியது. பையன் அதற்குள் அடுத்த வண்டியின் பானெட்டைத் திறந்துவிட்டான்.