27.46 மில்லிமீற்றர்: மாளிகாவத்தையில் ஒரு ஹீலியோஸ்

மருதானை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது காலை ஒன்பதரை. வெயில் அதற்குள் உறைக்கத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து பஞ்சிகாவத்தை முச்சந்திக்குப் பத்து நிமிட நடை. 1911இல் திறந்த டவர் ஹோல் நாடக அரங்கு வழியில் நிற்கிறது. அதைத் தாண்டியதும் வீதியின் இரு பக்கமும் வாகன உதிரிப்பாகங்கள்தான். கதவுகள் கதவுகளாகவும், முன்விளக்குகள் விளக்குகளாகவும் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். கிறீஸும் டீசலும் கலந்த மணம் உடுப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பிளேன்டீ 50 ரூபாய். குடித்துவிட்டு ஜயந்த வீரசேகர மாவத்தை வழியாக மாளிகாவத்தைப் பக்கம் நடந்தேன்.

தேடிப் போனது பழைய கெமரா லென்ஸ். கையால் சுழற்றி ஃபோகஸ் செய்கிற, மோட்டார் எதுவும் இல்லாத உலோகமும் கண்ணாடியும். 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு, எங்களைப் போல ஆசைக்குப் படம் எடுக்கிறவர்களுக்குப் புது லென்ஸ் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. f/1.4 அளவுக்கு வாய் திறக்கிற ஒரு லென்ஸுக்கு 1 இலட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். பழையதுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆனால் அதைப் பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும்.

பழைய சாமான் கடை ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. வாசலில் இஸ்திரிப் பெட்டிகள், தையல் மெஷின் தலைகள், வாய் பிளந்த ரேடியோக்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஐந்தாறு லென்ஸ்கள் கிடந்தன. பக்கத்திலே தோல் உறையோடு ஒரு செனிட்.

“நானா, இது என்ன விலை?”

“கெமராவோட பன்னிரண்டாயிரம் தாங்க தம்பி. ஜேர்மன் சாமான். ஒரிஜினல் செட்.”

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். லென்ஸின் முன் வளையத்தில் ஹீலியோஸ்-44-2 என்றும், 2/58 என்றும், சோவியத் ஒன்றியத்தில் செய்தது என்றும் பொறித்திருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒளிக்கதிர் ஊடுருவும் முப்பட்டகச் சின்னம். அது மொஸ்கோவுக்கு அருகே உள்ள கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையின் முத்திரை. இலக்கம் 74 என்று தொடங்கியது. இந்த லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கமும் பொதுவாகச் செய்த ஆண்டைச் சொல்லும். கெமரா உடலிலோ 1980 மொஸ்கோ ஒலிம்பிக் வளையங்கள் இருந்தன. ஆக, உடலும் லென்ஸும் ஒரே பெட்டியில் பிறந்தவை அல்ல. யாரோ எங்கோ சேர்த்துவைத்த சோடி.

ஜேர்மன் என்று அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை உண்டு. இந்தக் கண்ணாடி அமைப்பு ஜெனா நகரத்து கார்ல் சைஸின் பயோட்டார் 58 மி.மீ. f/2 லென்ஸிலிருந்து எடுத்தது. போருக்குப் பிறகு சோவியத் தொழிற்சாலை அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள், எட்டு இதழ் துவாரம், அரை மீற்றர் வரை கிட்ட ஃபோகஸ். செனிட் கெமராக்களோடு சேர்ந்து இது இலட்சக்கணக்கில் உலகெங்கும் போனது.

கைபேசி டோர்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பழைய லென்ஸ் வாங்கும்போது இதைச் செய்யாமல் காசை எண்ணக் கூடாது. கொழும்பின் ஈரக்காற்றில் பூட்டிவைத்த கண்ணாடிக்குப் பூஞ்சணம் நிச்சயம் வரும். தட்டிலிருந்த ஜப்பானிய சூம் ஒன்றில் அது சிலந்தி வலை போல முழுக்கப் படர்ந்திருந்தது. கண்ணாடி மேற்பூச்சையே தின்றிருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. ஹீலியோஸில் பின்கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் இரண்டு மெல்லிய இழைகள். நடு சுத்தம். துவார இதழ்களில் எண்ணெய் மினுங்கியது, ஆனால் அது பெரிய குறை இல்லை. இந்த லென்ஸில் இதழ்களை மூடுவது ஸ்பிரிங் அல்ல, நம் விரல். ஒரு வளையத்தில் அளவைக் குறித்துவைத்து, மற்றதைத் திருப்பி மூடுவதுதான் முறை. எண்ணெய் இருந்தாலும் விரல் சொன்னபடி அது மூடும்.

இழைகளைக் காட்டினேன். நானா கண்ணை இடுக்கிப் பார்த்தார். “அது தூசி தம்பி,” என்றார். ஊதிக் காட்டினேன், போகவில்லை. 8,500க்கு முடிந்தது.

என் கெமரா சொனி ஆல்ஃபா 6000. பையில் ஒரு எம்42 அடாப்டரும் இருந்தது, விலை 3,800. எம்42 என்பது 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரை இடைவெளியும் கொண்ட திருகு வாய். ப்ராக்டிகா, பழைய பென்டாக்ஸ், செனிட் எல்லாவற்றுக்கும் அதே திருகு. லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரம் வேண்டும். நிக்கோனின் பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த டிஜிட்டல் கெமராக்களில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. அதனால் நடுவில் இன்னொரு வில்லை வைக்காமல் தொலைதூரம் கூர்மைக்கு வராது. கெனன் இ.எஃப். 44 மி.மீ. என்பதால் மயிரிழையில் தப்பியது. 2008இல் பானசோனிக்கும் 2010இல் சொனியும் கண்ணாடியை எடுத்துவிட்ட கெமராக்களைக் கொண்டுவந்த பிறகுதான் பழைய லென்ஸ்களுக்கு இரண்டாம் வாழ்வு வந்தது. சொனியில் அந்தத் தூரம் வெறும் 18 மி.மீ. மீதி 27.46 மி.மீ. இடத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பினால் போதும். அடாப்டர் என்பது அந்தக் குழாய்தான்.

கடை வாசலிலேயே மாட்டினேன். லென்ஸ் இல்லாதபோதும் ஷட்டர் இயங்கட்டும் என்று மெனுவில் ஒருமுறை அனுமதித்துவிட்டால் கெமரா முரண்டு பிடிக்காது. தையல் மெஷின் தலையின் பொன் எழுத்துகளைப் பார்த்தேன். ஃபோகஸ் பீக்கிங் என்கிற சிவப்பு விளிம்புகள் மினுங்கின. f/2இல் அந்தச் சிவப்பை முழுதாக நம்ப முடியாது, ஆழம் அவ்வளவு குறைவு. திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பதே சரி. பெரிதாக்கியபோது எழுத்தின் கீறல் வரை தெரிந்தது.

பிறகு தூரத்தைப் பார்க்க ஒழுங்கையின் முனைக்குப் போனேன். தொடர்மாடிக் கட்டடங்களுக்கு மேலாக ஆர். பிரேமதாச விளையாட்டரங்கின் மின்கோபுரம் ஒன்று தெரிந்தது. அரைக் கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். 1986இல் திறந்த அந்த அரங்கின் விளக்குக் கூட்டத்தைவிட நல்ல சோதனைப் பலகை இந்தப் பகுதியில் கிடையாது. லென்ஸை முடிவிலிக் குறிக்குத் திருப்பினேன். விளக்குகள் கூழாகத் தெரிந்தன. அதே நிலையில், முப்பது எட்டுத் தூரத்திலிருந்த மின்கம்பம் மட்டும் கத்தி மாதிரி நின்றது. அதற்கு அப்பால் எல்லாம் மங்கல்.

“பழைய லென்ஸ் அப்பிடித்தான் தம்பி,” என்றார் நானா. கம்பம் அவ்வளவு கூர்மையாக இருக்கும்போது லென்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழாயில்தான் சந்தேகம்.

இந்த வேலையை இந்த ஊரில் வைத்துக்கொண்டதன் பலன் அப்போது தெரிந்தது. இருநூறு மீற்றர் தள்ளி ஒரு லேத் கடை. பாஸ் ஏதோ வண்டியின் அச்சுத் தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்தி, கையைத் துடைத்து, வேணியரை எடுத்தார். அடாப்டரை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி அளந்தார். 27.60. ஒவ்வொரு முறையும் அதேதான்.

0.14 மி.மீ. அதிகம். 58 மி.மீ. லென்ஸில் அந்தத் தூரம் என்ன செய்யும் என்று அவருடைய மேசைச் சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போட்டோம். 58ஐ 58ஆல் பெருக்கி 0.14ஆல் வகுத்தால் 24,000 மி.மீ. சொச்சம், அதாவது 24 மீற்றர். என் முப்பது எட்டு மின்கம்பம்! அதற்கு அப்பால் எந்தத் திருகலும் கூர்மையைக் கொண்டுவராது. ஓர் அலுமினியக் குழாயில் தலைமுடி இரண்டின் கனம் கூடிப்போனதற்கு லென்ஸ் பழி சுமந்திருக்கிறது.

லென்ஸ் உட்காரும் முன்முகத்தைச் சீவிவிடுங்கள் என்று கேட்டேன். பாஸ் தலையாட்டவில்லை.

“முன்னுக்குச் சீவினா லென்ஸ் இன்னும் கொஞ்சம் உள்ளுக்குச் சுத்தும். மரை ஒரு மில்லி. புள்ளி இரண்டு எடுத்தா அஞ்சில ஒரு சுத்து. மேல நிக்கிற குறி பக்கத்துக்குப் போயிரும். பின்னுக்கு எடுப்போம்.”

நான்கு சின்னத் திருகாணிகளைக் கழற்றி, கெமராப் பக்கத் தகட்டை வேறாக்கினார். அந்தத் தகடு உட்காரும் குழாய் விளிம்பை மட்டும் லேத்தில் பிடித்து, மெதுவாக 0.2 மி.மீ. எடுத்தார். அலுமினியச் சுருள்கள் கறுத்த தரையில் வெள்ளையாக விழுந்தன. பிசிறைத் தேய்த்து, ஊதி, ஸ்பிரிட்டால் துடைத்துத் திரும்பப் பூட்டினார். 27.40. கொஞ்சம் குறைவாக இருப்பது நல்லது, லென்ஸ் முடிவிலியைச் சற்றே தாண்டிப் போகும். அதைத் திருப்பிக்கொண்டுவர விரல் இருக்கிறது. கூலி 800 ரூபாய்.

மறுபடி முனைக்குப் போனேன். முடிவிலிக் குறிக்கு மயிரிழை முன்னாலேயே மின்கோபுரத்தின் விளக்குகள் வரிசை வரிசையாகப் பிரிந்து நின்றன. எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவு.

கடைக்குத் திரும்பி பாஸின் முகத்தை எடுத்தேன். இந்த கெமராவின் சென்சர் சிறியது. 58 மி.மீ. லென்ஸ் அதில் 87 மி.மீ. கோணம் காட்டும், முகத்துக்கு நல்ல தூரம். பின்னால் தொங்கிய பெயாரிங்குகளின் மினுக்கங்கள் ஓரங்களில் நீள்வட்டமாகி, முகத்தைச் சுற்றி வளைந்தன. ஹீலியோஸுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த சுழல் இதுதான். ஓரத்துக்கு வரும் ஒளியை லென்ஸ் குழாய் பாதி மறைப்பதால் அப்படி ஆகிறது. பெரிய சென்சரில் இன்னும் பலமாகத் தெரியும், இதில் ஓரம் வெட்டுப்பட்டுப் போவதால் சாடைதான். கதவுப் பக்க வெயில் நேராக அடித்தபோது படம் வெளிறியது. மேற்பூச்சு அந்தக் காலத்தது. இடக்கையை மறைப்பாகப் பிடித்ததும் கறுப்பு திரும்பிவந்தது. பாஸ் திரையைப் பார்த்தார், தன் நெற்றிச் சுருக்கத்தைப் பெரிதாக்கச் சொன்னார், இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவது படத்தை எந்தப் புது லென்ஸ் படத்துக்கும் பக்கத்தில் வைப்பேன்.

நானாவின் தட்டில் கெனன் எஃப்.டி. 50 மி.மீ. f/1.8 ஒன்று இன்னும் கிடக்கிறது. 4,000 சொன்னார். டோர்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடி சுத்தம், ஃபோகஸ் வளையம் மட்டும் இறுக்கம். எஃப்.டி.யின் தூரம் 42 மி.மீ. என்பதால் கண்ணாடி வைத்த கெனன், நிக்கோன் டிஜிட்டல் கெமராக்களுக்கு உதவாது. புதிய கெனன் ஆர்.எஃப். 20 மி.மீ., அதற்கு 22 மி.மீ. அடாப்டர் சரியாக உட்காரும். போகிறவர்கள் அடாப்டரையும் கையோடு கொண்டுபோங்கள், பாஸிடம் அளந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் இரண்டு கடையும் பூட்டு.