பார்ப்பவர் கணக்கில்

நிரலில் பிழை தேடுகிறவர்கள் முதலில் செய்வது, சந்தேகம் வரும் இடங்களில் பிரிண்ட் வரிகளைச் செருகுவதுதான். பல த்ரெட்டுகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் நிரலில் இந்த வைத்தியம் பல சமயம் பலிப்பதில்லை. ஒரு வரியை அச்சிடும் நேரத்துக்குள் த்ரெட்டுகள் ஓடும் வரிசையே மாறிவிடும், பிழை ஒளிந்துகொள்ளும். வரியை எடுத்துவிட்டால் மறுபடி வந்து நிற்கும்.

இப்படிப்பட்ட சிக்கல் செவ்வாய்வரை போயிருக்கிறது. 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாள்களிலேயே அடிக்கடி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒன்று பிடித்திருந்த பூட்டுக்காக, அவசரப் பணி காத்துக் கிடந்தது. இடையில் உள்ள பணிகளோ வானிலைப் பணியை ஓடவே விடவில்லை. பொறியாளர்கள் பூமியில் இருந்த அதே மாதிரியான கணினியில் சிக்கலை மீண்டும் வரவழைத்து, எந்தப் பணி எப்போது ஓடியது என்ற தடப்பதிவைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

தடம் பார்க்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எனக்கு ஜெனோடைக் கிண்டத் தொடங்கிய பிறகுதான் வந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்த இயங்குதளம் அது. அடியில் ‘கோர்’. கோப்பு முறைமை, நெட்வொர்க் எதையும் அது அறியாது. மெமரி தரும், த்ரெட் உருவாக்கும், இன்டரப்டை ஒப்படைக்கும், லாக் வரிகளை வாங்கிக்கொள்ளும், ஏறக்குறைய அவ்வளவுதான். டிரைவர் உட்பட மற்றதெல்லாம் தனித்தனிக் கூறுகள், பெற்றோரும் பிள்ளைகளுமாக. பெற்றோர் வழிவிடாத சேவை பிள்ளைக்குக் கிடைக்காது.

2013-இல் கோரின் சேவைகளோடு, தடம் பதிவதற்கான ‘டிரேஸ்’ சேர்ந்தது. அதன் வேலைமுறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்காணிக்கும் கூறு கோரிடம் த்ரெட்டுகளின் பட்டியலைக் கேட்டு வாங்குகிறது. வேண்டிய த்ரெட்டுக்கு, எதைப் பதிய வேண்டும் என்று சொல்லும் சின்னஞ்சிறு நிரல்துண்டு ஒன்றைக் கொடுக்கிறது. பிறகு அந்த த்ரெட் இன்னொரு கூறை அழைக்கும்போதும், பதில் வாங்கும்போதும், சிக்னல் அனுப்பும்போதும் தானே தன் பஃபரில் குறித்துக்கொள்கிறது. அந்த பஃபர் பகிர்ந்த மெமரி. ஒவ்வொரு நிகழ்வுக்கும் கர்னலுக்குள் போய்வர வேண்டாம், இன்னொருவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கண்காணிப்பவர் தூங்கிவிட்டால் பழைய பதிவுகள் மேலெழுதப்படும், த்ரெட் நிற்காது.

அந்த பஃபருக்கான மெமரி கண்காணிப்பவரின் ஒதுக்கீட்டிலிருந்து கழிகிறது. பார்க்க ஆசைப்பட்டவர்தான் செலவையும் ஏற்க வேண்டும். இந்தக் கணக்கு நியாயமாகப் படுகிறது.

லினக்ஸில் எஃப்ட்ரேஸ் போன்ற தடம் பார்க்கும் கருவிகளுக்கு வழக்கமாக ரூட் அதிகாரம் தேவை. ரூட் கைக்கு வந்தவர் தடம் பார்ப்பதோடு நிற்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. ஜெனோடில் டிரேஸ் மற்ற சேவைகளைப் போல ஒரு சேவை. அது யாருக்குப் போகிறது என்று அமைப்புக் கோப்பைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் ஓர் உறுத்தல் உண்டு. அந்த நிரல்துண்டு ஓடுவது கவனிக்கப்படும் கூறின் முகவரி வெளிக்குள்ளேயே. பார்க்க மட்டும் கொடுத்த அனுமதி, உள்ளே நுழையும் அனுமதியாகவும் ஆகிவிடுகிறது. வேகத்துக்காகச் செய்த சமரசம் இது, புரிகிறது. ஆகவே ஜெனோடை முயன்று பார்க்கிறவர்கள், டிரேஸ் சேவைக்கான வழியை முழுதாக நம்பும் கூறுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அமைப்புக் கோப்பிலிருந்து அந்த வழிக்கான வரியை எடுத்துவிடுங்கள்.