பூஸ்ற் ஏத்துறதுக்கு முதல்

ரேர்போ கார் வைச்சிருக்கிற ஆரிட்டக் கதை குடுத்தாலும் முதல் கேள்வி, "எவ்வளவு பூஸ்ற் ஓடுது?" எண்டதுதான். எங்கள் மூன்று பேருக்கும் பொதுவான ஸ்ராலெட் ஜிரி, ஈபி82, முப்பது வயது தாண்டியது. எங்களை விட மூத்தது. 1331 சிசி எஞ்சினுக்குக் கொம்பனி குடுத்த வலு 135 குதிரைகள். ஒரு தொன்னும் இல்லாத காருக்கு அது சும்மா விசயமில்லை.

ஆனால் முப்பது வருசத்துக்குப் பிறகு அதில எத்தினை குதிரை உயிரோட இருக்கு? ஆனையிறவு வெளியில மிதிச்சால் இழுவையை விடச் சத்தம்தான் கூட. எங்களில ஒருத்தன் மார்கழியில கனடாவுக்கு வெளிக்கிடுறான். போக முதல் ஒருக்கா இந்தக் காரின்ர முழுப் பலத்தையும் பார்க்கோணும் எண்டு பூஸ்ற் கன்ட்ரோலர் ஒண்டும் வாங்கிக்கொண்டு வந்திட்டான். மற்ற இரண்டு பேரும் மறிச்சம். மூன்று நாள் சரியாகக் கதைக்கவும் இல்லை.

கராஜ் அண்ணைதான் தீர்ப்புச் சொன்னார்: "பெடியள், முதல் இருக்கிற காத்தைப் பிடியுங்கோ. பிறகு கூடக் காத்துக் கேளுங்கோ."

ரேர்போவின் வாயை அடைத்து, கொம்பிரெசரால் மெல்லக் காற்றுவிட்டு, குழாய்களெல்லாம் சவர்க்காரத் தண்ணி அடிச்சம். இன்ரர்கூலர் மூட்டில நுரை பொங்கிச்சுது. அழுத்தி அனுப்பின காத்து எஞ்சினுக்குப் போக முதலே வெளியால போயிருக்கு. அதைவிடப் பயங்கரம், வேஸ்ற்கேற்றுக்குப் போற விரல் மொத்தமில்லாத ஒரு ரப்பர் குழாயில விழுந்திருந்த வெடிப்பு. அது கழண்டால் நடக்கிறது நேர்மாறு: வால்வு திறக்காது, பூஸ்ற் கட்டில்லாமல் ஏறும்.

குழாய்களையும் கிளிப்புகளையும் மாத்தினம். புதுப் பிளக் போட்டு இடைவெளியைக் கொஞ்சம் குறைச்சம். அழுத்தம் கூடேக்க பொறி அணையக்கூடாது. ஒயில் மாத்தினம், 95 பெற்றோல் மட்டும் அடிக்கிறம். ஓடி வந்தவுடன திறப்பைத் திருப்பாமல் ஒரு நிமிசம் ஐடிலில விடுறம். ரேர்போவின் தண்டு ஒயில் படலத்தில சுத்துறது, கொதிக்கிற சூட்டில நிப்பாட்டினால் அந்த ஒயில் கரியாகும். இதெல்லாம் ஒருத்தரும் வீடியோ எடுத்துப் போடாத வேலைகள்.

இப்ப இழுவை நடு வேகத்திலயே வருது. கனடாக்காரனும் ஓடிப்பார்த்திட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

கன்ட்ரோலரை நாங்கள் ஒரேயடியாக வேண்டாமெண்டு சொல்லேல்லை. காத்தைக் கூட்டினால் பெற்றோலும் கூடோணும். பழைய இன்ஜெக்ரருக்கு ஓர் எல்லை இருக்கு. எல்லை தாண்டினால் கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்ரன் உருகும். கணக்குக்கு மேல பூஸ்ற் ஏறினால் எஞ்சின் கணினி பெற்றோலை வெட்டுறதும் இதுக்காகத்தான். அதை ஏமாத்துறதுக்கும் சின்னப் பெட்டிகள் விக்கிறாங்கள். எங்களைக் கேட்டால், அது காவல்காரனுக்கு நித்திரைக்குளிசை குடுக்கிற வேலை. அதுவும் எங்கட வெயிலுக்கு, எஞ்சினுக்கு மேலயே குந்தியிருக்கிற இன்ரர்கூலர் நெரிசலில நிக்கேக்க குளிராக்காது, அடுப்பாகத்தான் இருக்கும்.

2020 இல வாகன இறக்குமதி நிண்ட பிறகு பழைய காருகளுக்கு ஏறின விலை தெரியும்தானே. இந்த எஞ்சின் போனால் இன்னொண்டு போட எங்களிட்டக் காசில்லை. ஏ9 இல ஆரோட ஓடிப் பார்க்கவும் விருப்பமில்லை. அந்த றோட்டில போன பெடியளின்ர செத்தவீடுகளுக்குப் போனது போதும்.

கன்ட்ரோலர் பெட்டி இன்னும் உடைக்காமல் அலுமாரிக்கு மேல இருக்கு. முதல் பிரேக் பாட், பிறகு காத்து–பெற்றோல் கலவை காட்டுற கேஜ் எண்டு முடிவு. கேஜுக்கான காசில தன்ர பங்கைக் கனடாவில இருந்து அனுப்புறன் எண்டிருக்கிறான்.