யார் யாருக்குக் கணக்குச் சொல்வது?

இலக்கியம் பேசும் இடத்தில் அரசாங்க அறிக்கை ஒன்றைப் பற்றி எழுதுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் மாதம் ஒருமுறை கூடி வாசிக்கும் எங்கள் சிறு வட்டத்தில் அண்மையில் அதிகச் சர்ச்சையைக் கிளப்பியது அப்படியொரு அறிக்கைதான். தான்சானியாவுக்கும் அதற்கு உதவி வழங்கிய நாடுகளுக்கும் இடையிலான உறவை ஆராய்ந்து 1995 ஜூனில் வெளிவந்தது அது. ஏழை நாடொன்றின் அரசும் அதன் தலைநகரில் அமர்ந்திருக்கும் அயல்நாட்டுத் தூதர்களும் எப்படி இணைந்து வேலை செய்வது என்பது வறண்ட நிர்வாக விஷயமாகவே முதலில் எங்களுக்கும் பட்டது. வாசிக்க வாசிக்க, தன்மானத்தைப் பற்றிய கேள்வி அதற்குள் இருப்பது புலப்பட்டது.

பின்னணியைச் சற்றுச் சொல்லவேண்டும். 1961இல் விடுதலை பெற்ற தங்கனீக்கா, 1964இல் சன்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆயிற்று. சன்சிபாரில் கிழக்கு ஜெர்மனியின் பிரதிநிதிகள் இருந்தனர். அது பிடிக்காத மேற்கு ஜெர்மனி, 1965இல் தன் இராணுவ உதவியை நிறுத்திக்கொண்டது. மற்ற உதவிகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் ஜூலியஸ் நியரேரே. அதே நாடு, எண்ணெய் விலை உயர்வு, 1978-79 உகாண்டாப் போர், சொந்தக் கொள்கைகளின் தோல்வி ஆகியவற்றால் நொடித்து, 1986இல் சர்வதேச நிதியத்தின் நிபந்தனைகளுக்கு உடன்பட நேர்ந்தது. அதன் பிறகு டார் எஸ் சலாமின் அமைச்சகங்களில் அயல்நாட்டார் காலடி ஓயவில்லை.

1994இல் உறவு முறிந்தது. இறக்குமதி வரிவிலக்குகள் தாராளமாக வழங்கப்படுவதும், வரவேண்டிய வரி கருவூலத்துக்கு வராமற்போவதும் தெரியவந்து, கொடையாளி நாடுகள் பல பணத்தை நிறுத்தின. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கண்டன அறிக்கையும், அதற்கொரு மறுப்பறிக்கையும் வரும். டென்மார்க் வேறொன்று செய்தது. தான்சானிய அரசின் சம்மதத்தோடு, சுயேச்சையான ஐவர் குழுவொன்று அமைய வழிசெய்தது. தலைவர் கனடாவின் பொருளியலறிஞர் ஜெரால்ட் ஹெலைனர். மற்ற நால்வரில் இப்ராஹிம் லிபும்பா, பென்னோ எண்டுலு ஆகிய இருவர் தான்சானியர்.

அக்குழு இரு தரப்பையும் கூண்டில் ஏற்றியது. அரசு தன் திட்டங்களின் மீதான பிடியை நழுவவிட்டது, ஊழலை அடக்கவில்லை. கொடையாளிகளோ எல்லாவற்றிலும் தலையிட்டு, அரசை முன்னே நடக்கவிடாமல், அது நடக்கவில்லையே என்று குறைபட்டுக்கொண்டனர். 1997 ஜனவரியில் இரு தரப்பும் கூடி, யார் எதைச் செய்வது என்று உடன்பட்டன. அதன் பின் ஹெலைனர் பலமுறை திரும்பி வந்து, யார் சொன்னதைச் செய்தார்கள் என்று பார்த்து எழுதினார். 2002இலும் 2005இலும் சுயேச்சையான கண்காணிப்புக் குழு அதே வேலையைத் தொடர்ந்தது. கடன் கொடுத்தவன் மட்டுமே நோட்டைப் புரட்டும் உலகில், கொடுத்தவன் கணக்கையும் மூன்றாமவர் ஒருவர் புரட்டினார் என்பதுதான் எங்களைப் பிடித்து நிறுத்தியது.

சிறிய ஏற்பாடு ஒன்றும் எங்களைக் கவர்ந்தது. தான்சானியாவின் நிதியாண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் நிதியமைச்சக அதிகாரிகள் வரவு செலவுத் திட்டத்தில் மூழ்கியிருப்பர். அந்தக் காலத்தை ‘அமைதிக் காலம்’ என்று அறிவித்து, அப்போது வெளிநாட்டுக் குழுக்கள் வருவதையும் கூட்டங்கள் கேட்பதையும் இயன்றவரை தவிர்க்கும்படி அரசு கோரியது.

எங்களுள் ஒருவர் மாவட்ட அலுவலகத்தில் முப்பதாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இதைப் படித்ததும் சிரித்தார். அவர் காலத்தில் வெளிநாட்டு நிதிக் குழுவொன்று பார்வையிட வருகிறதென்றால் பத்து நாட்களுக்கு அலுவலகத்தில் வேறு கோப்பு நகராதாம். புள்ளிவிவரம் திரட்ட ஒருவர், வாகன ஏற்பாட்டுக்கு ஒருவர், மதிய உணவுக்கு ஒருவர். முதியோர் ஓய்வூதியத்துக்காக வந்து நிற்கும் கிழவியை, அடுத்த வாரம் வா பாட்டி என்று அனுப்பிவைப்பார்கள். ஏழை அரசுக்குப் பணத்தைவிட அரிதானது திறமையான அதிகாரியின் நேரம் என்றார் அவர். அந்தக் கிழவியை நினைத்துக்கொண்டால், அமைதிக் காலம் என்ற ஏற்பாட்டின் பெறுமதி விளங்கும்.

விதிகளுக்கும் பஞ்சமில்லை. தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 41ஆவது பிரிவு, அலுவல்கள் யாவும் வெளியுறவு அமைச்சகம் வழியாகவோ, உடன்பட்ட வேறோர் அமைச்சகம் வழியாகவோ நடக்கவேண்டும் என்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு கொடையாளியும் தனக்குப் பழக்கமான கதவைத் தட்டுகிறார். ஒரே தெருவைக் குடிநீர்த் துறை ஒருமுறையும் தொலைபேசித் துறை மறுமுறையும் தோண்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் வட்டத்தின் இளையவர் இங்கே மறித்தார். கொடையாளிகள் ஒன்றுசேர்வது ஏழை நாட்டுக்கு நல்லதென்று யார் சொன்னது? தான்சானியாவையும் சாம்பியாவையும் இணைக்கும் இரயில்பாதைக்கு மேற்கு நாடுகளும் உலக வங்கியும் கைவிரித்தபோது, சீனா முன்வந்து 1975க்குள் சுமார் 1,860 கிலோமீட்டர் பாதையைப் போட்டு முடித்தது. எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே முடிவெடுத்திருந்தால் அந்தப் பாதை இல்லை. நியரேரேயால் ஒரு ஜெர்மனியிடம் நிமிர்ந்து பேச முடிந்ததும், உலகம் ஒரே குரலில் பேசாததால்தானே?

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. கொடையாளிகளின் ஒற்றுமை பல வேளைகளில் எதிரே எழும்பும் ஒற்றைச் சுவர். ஆகவே மேசை யாருடையது, நிகழ்ச்சி நிரலை யார் எழுதுகிறார் என்பதைக் கேட்டாக வேண்டும். தான்சானியா 2002இல் தன் உதவி வியூகத்தையும், 2006இல் கொடையாளிகளுடன் சேர்ந்த கூட்டு வியூகத்தையும் வகுத்தது அந்த மேசையைத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போடத்தான்.

அது நிலைத்ததா? 2014இல் மத்திய வங்கியில் வைக்கப்பட்டிருந்த மின்சார நிறுவனக் கணக்கொன்றிலிருந்து நூறு மில்லியன் டாலருக்கும் மேல் முறைகேடாக வெளியேறிய விவகாரம் வெடித்து, கொடையாளிகள் வரவு செலவுத் திட்ட உதவியை நிறுத்தினர். 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தன் தூதரைத் திரும்ப அழைத்தது. அதே மாதத்தில் நிதியைப் பிடித்துவைத்த நாடுகளுள் ஒன்று டென்மார்க்! முன்பு நடுவர் குழுவைக் கொண்டுவந்த அதே டென்மார்க். நல்ல நடைமுறைகள் அவற்றை நம்பிய மனிதர்களோடு ஓய்வுபெற்றுவிடுகின்றன போலும்.

2014 நிகழ்வில் நாம் மறக்கக்கூடாதது இன்னொன்று உண்டு. அந்தப் பணத்தைப் பற்றித் தான்சானிய நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழுவே அறிக்கை வைத்தது. அவையில் காரசாரமான விவாதம் நடந்தது. அட்டர்னி ஜெனரல் பதவி விலகினார். தூதர்களின் கோபம் அழுத்தம் தந்திருக்கலாம். ஆனால் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டிய இடம் அந்த அவைதான். தூதரக விருந்தில் சமாதானம் சொல்லப் பழகிய அமைச்சருக்கு, வாக்களித்தவர்களிடம் சமாதானம் சொல்லும் பழக்கம் மெல்ல மறந்துபோகும்.

உலக அளவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 2005ஆம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனம், பரஸ்பரப் பொறுப்புக்கூறல் என்பதைத் தன் ஐந்து கோட்பாடுகளில் ஒன்றாக அறிவித்தது. 2011இல் எடுத்த கணக்கெடுப்பில், உலக அளவிலான 13 இலக்குகளில் நிறைவேறியது ஒன்றே ஒன்று.

2025இல் அமெரிக்கா தன் யு.எஸ்.எய்ட் நிறுவனத்தை மூடியபோது, உதவி பெற்று வந்த அரசுகளிடம் கலந்துபேசிவிட்டு அதைச் செய்யவில்லை. மருத்துவமனைகளுக்கும் மருந்துக் கிடங்குகளுக்கும் அச்செய்தி உத்தரவாகவே போய்ச் சேர்ந்தது. பல பதிற்றாண்டுக் கால ஒருங்கிணைப்புக் கூட்டங்களுக்குப் பின், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க ஏழை நாட்டுக்கு ஓர் இடமில்லை. அந்த இடத்தைத்தான் 1995இல் ஐவர் சிறிதளவேனும் உண்டாக்கிக் காட்டினார்கள். கொடுப்பவரையும் கேள்வி கேட்கலாம் என்று ஒருமுறை எழுதி வைத்தாயிற்று. எழுதியதை மீண்டும் எடுத்து வாசிப்பது, எங்களைப் போன்றவர்களால் இயலக்கூடிய காரியம்.