பிரேக் எந்தக் கால்ல தம்பி?

தேவாரத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு நடுவே என் கண் தேடுவது பழைய புல்லட்டை. 'அண்ணே, போடிமெட்டு போய்ட்டு வரட்டுமா?' என்றால் சாவியோடு கேள்வியும் வரும்: 'பிரேக் எந்தக் கால்ல தம்பி?'

கிண்டல் இல்லை, சார்! சென்னையில் தயாரான பழைய புல்லட்டுக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே. மற்ற மூன்றும் கீழே. புது பைக்கில் பழகிய கால், கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பிரேக் என்று வலப்பக்கம் மிதிக்கும். வண்டி நிற்காது, மூன்றாவதிலிருந்து டாப்புக்குத் தாவும். எஞ்சின் பிடிப்பும் போச்சு!

மலையில் ரெண்டே விதி: ஏறிய கியரிலேயே இறங்கு, ஏறி வரும் வண்டிக்கு வழிவிடு. அதற்கு முன்னால், சமதரையில் பத்து தடவை நிறுத்திப் பாருங்கள். மலை எங்கேயும் ஓடிவிடாது!