பூசணத்துக்குப் பூசணமே மருந்து!

ராசிபுரம் பக்கத்தில் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். சேலத்து ஆபீஸில் எனக்கு ஒன்றரை அடி மேஜை. அதோடு நான் நின்றிருக்கலாம்!

போன வருஷம், முளைத்துப் பத்து நாள்கூட ஆகாத கத்தரி நாற்றுகள் திட்டுத் திட்டாகச் சாய்ந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகல். நாற்றழுகல் நோய். பித்தியம் மாதிரி மண்ணில் ஒளிந்திருக்கும் பூசணங்களின் வேலை.

"டிரைக்கோடெர்மா விரிடி வாங்கிப் போடலாங்கப்பா" என்றேன். ஆபீஸ் நண்பன் உபயம்.

"பூசணத்துக்குப் பூசணமே மருந்தா கண்ணு?" என்றார் அப்பா.

நியாயமான சந்தேகம்தான். ஆனால், இந்த வகைப் பூசணம் மற்ற பூசணங்களைச் சுற்றி வளைத்துத் தின்பதை 1932-லேயே வெயின்ட்லிங் என்ற விஞ்ஞானி எழுதி வைத்துவிட்டார். எதிரியின் சுவரை நொதிகளால் கரைத்து உள்ளே புகுந்துவிடுமாம். கன்னக்கோல் போடும் ஜாதி!

பாக்கெட் வாங்கினேன். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று காப்பர் ஆக்சி குளோரைடும் வாங்கினேன். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றினோம். பற்று, வரவு இரண்டும் எழுதினால்தானே கணக்கு நேராகும்? பி.காம். புத்தி!

நாற்றங்கால் மொத்தமும் காலி.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேட்டேன். "பாக்கெட்டுல இருக்கறது உயிர் சார். அதும்மேல பூசணக்கொல்லி ஊத்தலாமா? அதுவுமில்லாம, இது வருமுன் காவல். சாஞ்ச நாத்தை நிமித்தாது" என்றார்கள்.

ஆக, திருடன் வந்துபோன பிறகு காவல்காரனை வைத்து, அவன் சோற்றிலும் விஷம் கலந்திருக்கிறேன்!

சந்தையில் கத்தரிக்காய் விலை ஏறிக்கிடந்த வாரங்களில் எங்கள் தோட்டத்தில் பறிக்க ஒன்றுமில்லை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

இந்த வருஷம் எல்லாம் அவர் கையில். கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் டிரைக்கோடெர்மா கலந்து விதைத்தார். மேட்டுப்பாத்தி, தண்ணீர் தேங்கவிடவில்லை. நடவு வயலுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ, மக்கிய தொழுவுரம் 50 கிலோவுக்கு மேல் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் வைத்திருந்து போட்டார். ரசாயனப் பூசணக்கொல்லி பக்கமே போகவில்லை. அங்கொன்று இங்கொன்று போனதே தவிர, நாற்று நின்றது.

எனக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்திருக்கிறார்.

"பாக்கெட்டுல காலாவதி தேதி போட்டிருக்கும். அதை மட்டும் படிச்சுச் சொல்லு கண்ணு. உசுரோட இருக்கோணுமில்ல?"

படித்துச் சொல்கிறேன். பி.காம். ஆச்சே!