குதிரைக் காலும் பூண்டு மணமும்

பூண்டு தின்னாமலே வாயில் பூண்டு மணக்குமா? மணக்கும். குதிரையின் வீங்கிய காலுக்கு ஒரு மருந்தை வெறுங்கையால் தடவிப் பாருங்கள். சில நிமிஷங்களில் தடவியவர் வாயில் பூண்டு ருசி தட்டும். மருந்து பட்டது கையில். செய்தி வந்தது நாக்குக்கு!

அந்த மருந்தின் பெயர் டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு. குதிரைக்காரர்கள் டி.எம்.எஸ்.ஓ. என்று சுருக்கிவிட்டார்கள். 1866-ல் ருஷ்ய ரசாயன நிபுணர் ஸைட்ஸெஃப் இதை முதலில் தயாரித்தார். பிறகு வெகுகாலம் இது ஒரு கரைப்பான்தான். மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் ஆலைகளின் கழிவிலிருந்து கிடைக்கும் சரக்கு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஸ்டான்லி ஜேக்கப், இது தோலைத் துளைக்காமலே தோலுக்குள் புகுந்துவிடுவதைக் கண்டார். வீக்கம் வடிகிறது, நோவு குறைகிறது என்றதும் ஊரே பரபரத்தது. ஆனால் பரிசோதனை மிருகங்களின் கண் வில்லையில் மாறுதல் தெரியவே, 1965-ல் மனிதர்களிடம் நடந்த சோதனைகளை அரசாங்கம் நிறுத்தியது. 1970-ல் குதிரைக்கும் நாய்க்கும் அனுமதி கிடைத்தது. அடிபட்ட புது வீக்கத்துக்கு மட்டும். குதிரைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது, 30 நாளுக்கு மேல் கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன். விஷயம் இதுதான். இந்த மருந்து தனியாக உள்ளே போவதில்லை. வாசலில் நிற்பவரையும் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. காலில் ஏற்கெனவே பாதரசக் களிம்பு இருந்தால் அதுவும் கூடவே போகும். அப்படிப் பாதரசம் ஏறி விஷமான இரண்டு குதிரைகளைப் பற்றி 1988-ல் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. ஆகையால் காலைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். தடவுகிறவர் கையுறை போட வேண்டும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். அறுந்த நாண் ஆற மாதக்கணக்காகும். வீக்கம் வடிவதற்கோ சில நாள் போதும். நோவு இருக்கும்வரை குதிரை அந்தக் காலை ஊன்றாது. நோவுதான் அதற்குக் கட்டு, அதுதான் அதற்குக் காவல். காவலை எடுத்துவிட்டு ஓடச் சொன்னால் அது ஓடும்; பாதி ஆறிய நாண் மறுபடி அறுந்துவிடும். பந்தயத்தை நடத்துகிறவர்களுக்கு இது தெரியும். சர்வதேச விதிப்படி, குதிரையின் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த மருந்து இருந்தால் குற்றம். அடியோடு கூடாதென்று சொல்வதற்கில்லை. தீவனத்திலேயே துளி இருக்கிறது.

மருந்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. புது அடியில், அளவோடு, வைத்தியர் சொல்லித் தடவினால் வாயில்லாப் பிராணிக்கு அது பெரிய ஆறுதல். கோபமெல்லாம் வீக்கம் வடிந்த மறுநாளே சேணத்தைத் தேடுகிறவர்கள் மேல்தான்.

இப்போது எழுதிவரும் நாவலில் ஒரு நொண்டிக் குதிரை வருகிறது. மருந்து தடவியாகிவிட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனாலும் மூன்று அத்தியாயமாக அதை லாயத்திலேயே கட்டி வைத்திருக்கிறேன். கதை நகரவில்லையே என்கிறார் பத்திரிகை ஆசிரியர். நாண் ஆறட்டும் என்று பதில் எழுதியிருக்கிறேன்.